வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளை வரப்போகிறதா?

1947 முதல் பள்ளி மாணவர் பரிமாற்றம் நடத்திவரும் ஏஎஃப்எஸ் போன்ற அமைப்புகள் வழியாக வரும் பிள்ளையைத் தங்கவைக்கும் குடும்பம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. மனம் இருந்தால் போதும், சித்தூரிலும் திருப்பதியிலும் கூட. ஆனால் அரசுப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியே தகவல் தர வேண்டும்.

முதல் வாரம் தாண்டியதும் விருந்தாளியாக நடத்துவதை நிறுத்திவிடுங்கள். இதுதான் முக்கியம். கோலம் போடவும், காய் நறுக்கவும், மாடியில் துணி உலர்த்தவும் விடுங்கள். வேலையில் பங்கு கிடைத்த பிள்ளைதான் தன் வீடாக நினைக்கும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்தால் கோபம் என்று எண்ண வேண்டாம். பல நாடுகளில் அது இயல்பு.

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்பது நம் ஊர் வழக்கம். எந்தச் சொல் எங்கே செல்லும் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். ராகி களி பழகலாம். நம் ஊர்க் காரத்தை மட்டும் மெல்லக் கூட்டுங்கள். தயிர் பக்கத்தில் இருக்கட்டும்.

திருமலைக்கு அழைத்துப்போகும் முன் விருப்பத்தைக் கேளுங்கள். இந்து அல்லாதவர் தரிசனத்துக்கு நம்பிக்கை உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பிள்ளை தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். சந்திரகிரிக் கோட்டையும் காளஹஸ்தி கலம்காரியும் இருக்கவே இருக்கின்றன. வெளியூர் கிளம்பும்போது அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், நகல் உங்களிடம்.