மின்னி பே பிள்ளைகளுக்குப் பனிக்கால வண்ணங்கள், சொல் விளையாட்டுகள்

கடையில் வாங்கும் வண்ணம் தீட்டும் புத்தகங்களில் குளிர்காலம் என்றாலே பனிமனிதன், கம்பளிக் குல்லாய், பைன் மரம்தான். அந்தமானில், ஸ்ரீ விஜயபுரத்தின் மின்னி பே பகுதிப் பிள்ளைகள் இவற்றில் எதையும் பார்த்து வளரவில்லை. டிசம்பர், ஜனவரியிலும் இங்கே கடுங்குளிர் அடிப்பதில்லை. ஆனாலும் தீவுக்கென்று ஒரு குளிர்காலம் உண்டு. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும், வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் சில குறிப்புகள்.

1. முதல் படமாக ஆமையைக் கொடுங்கள். அந்தமானில் ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம் இது. வடக்கே டிக்லிப்பூர் பக்கம் உள்ள காலிப்பூர் கடற்கரைக்கு நான்கு வகை ஆமைகள் வருகின்றன: பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை, தோல்முதுகு ஆமை. தோல்முதுகு ஆமைக்குக் கறுத்த உடம்பு, வெள்ளைப் புள்ளிகள், முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்புகள். பிள்ளைகள் எல்லா ஆமைக்கும் பச்சை அடிப்பார்கள், அடிக்கட்டும். பிறகு பேராமையின் கதையைச் சொல்லுங்கள். அதற்குப் பச்சை ஆமை என்றும் பெயர். ஆனால் பச்சையாக இருப்பது உள்ளே இருக்கும் கொழுப்புதான். ஓடு பெரும்பாலும் பழுப்பு. இதைக் கேட்ட பிள்ளை பழுப்பு கிரேயானைத் தானே தேடி எடுக்கும்.

2. டிசம்பர் தொடக்கத்தில் இங்கே மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. நாம் இருப்பதோ 92 டிகிரியையும் தாண்டி. வானத்தைவிடக் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. ஒரு தாளை மூன்று கட்டமாக மடித்து, நாலு மணிக் கடல், நாலரை மணிக் கடல், ஐந்து மணிக் கடல் என்று தீட்டச் சொல்லுங்கள். நீலம் மட்டும் போதாது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

3. மூடுபனி வேண்டுமா? வெள்ளை மெழுகுவர்த்தியால் தாளில் அழுத்தித் தேய்த்து மலை முகட்டை வரையுங்கள். மேலே நீர்த்த நீல வண்ணத்தைப் பூசினால், மெழுகு பட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும். தீவுகளிலேயே உயரமான சாடில் பீக்கை (732 மீட்டர்) இப்படி வரையலாம். வண்ணம் ஈரமாக மின்னும்போதே தூள் உப்பைத் தூவினால் பனிப்பூ போன்ற புள்ளிகள் விழும். காய்ந்த பிறகு தூவினால் பலிக்காது.

4. வண்ணம் தீர்ந்துபோனால் சமையலறை இருக்கிறது. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா. சமையல் சோடா சேர்த்தால் பச்சை கலந்த நீலம். மஞ்சள்தூளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பு. சுண்ணாம்பைப் பெரியவர்களே கலக்க வேண்டும்.

5. தீட்டும்போது வாய் சும்மா இருக்க வேண்டாம். அடுத்த கிரேயானை எடுக்குமுன், முதல் சொல்லைப் போலவே முடியும் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பது விதி. 'பனி'யில் தொடங்கினால் கனி, தனி, இனி, சனி, முனி. யாராவது 'ஏணி' என்றால் நிறுத்தி, 'பணி', 'பனி' இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தீவில் விளையாட்டு மைதானத்தின் பொதுமொழி இந்தி. அதனால் பிள்ளை முதலில் இந்திச் சொல்லைச் சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். அதை ஏற்றுக்கொண்டு தமிழ்ச் சொல்லை நீங்கள் எடுத்துக்கொடுங்கள்.

6. சொல் ஏணி: கடல், மடல், மணல். ஒவ்வொரு படியிலும் ஒரே ஓர் எழுத்துதான் மாறுகிறது. படமாகவும் இது பொருந்தும்: கடலுக்கு நீலம், நடுவில் தாழை மடல், கீழே மணல். தாழை நம் கரைகளில் வளர்வதுதானே! பெரிய வகுப்புக்கு எழுத்தைக் கழிக்கும் விளையாட்டு: பவளத்தில் முதல் எழுத்துப் போனால் வளம், கடலில் நடு எழுத்துப் போனால் கல்.

7. தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் ஈர வண்ணம் வைத்து அழுத்திப் பிரித்தால் இருபக்கமும் ஒரே மேகம். அதன் கீழே 'மேகமே' என்று எழுதச் சொல்லி, பின்னாலிருந்து படிக்கச் சொல்லுங்கள். கைரேகை, வினவி, குடகு என்று அவர்களே தேட ஆரம்பிப்பார்கள்.

8. விடுகதை போடுங்கள், விடை படமாக இருக்கட்டும். "இரவில் வந்து இலையில் உட்காரும்; வெயில் வந்தால் சொல்லாமல் போகும்." பிள்ளை பனித்துளியை வரைந்து காட்ட வேண்டும்.

9. டிசம்பர் 26 நெருங்கும்போது சில பிள்ளைகள் மிகப் பெரிய அலையை வரைவார்கள். 2004 சுனாமியை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். "அழகான கடலாக வரை" என்று மாற்றச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

10. கடல் காற்றின் ஈரத்தில் தாள் நமுத்துவிடும், வண்ணப் பென்சிலின் மரம் உப்பும். அவற்றைப் பழைய பிஸ்கட் டப்பாவில் ஒரு துணிமுடிச்சு அரிசியோடு மூடி வையுங்கள். தீட்டிய படங்களைச் சுவரில் ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். கயிறு கட்டித் துணி கிளிப்பில் மாட்டுங்கள்.