இஸ்மாயீல்: பெயரின் பொருளும் வரலாறும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலிருந்து ஒரு சகோதரர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் துஆச் செய்த பின் அவருக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ்! குழந்தைக்கு இஸ்மாயீல் என்று பெயரிட வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. ஆனால் நெருங்கிய உறவினர் ஒருவர், "இது அரபிப் பெயரே அல்ல. ஹீப்ரு மொழிப் பெயர். யூதர் பெயரை நம் பிள்ளைக்கு வைப்பதா?" என்று தடுத்துவிட்டாராம். ஏழாம் நாளும் கடந்துவிட்டது. அகீகாவுக்கு வாங்கிய ஆடுகள் கொல்லையில் கட்டியபடியே நிற்கின்றன. இரு வீட்டாரிடையே பேச்சும் குறைந்துவிட்டது. மார்க்கம் என்ன சொல்கிறது என்று சகோதரர் கேட்கிறார்.

பல குடும்பங்களில் எழும் ஐயம் இது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதற்பாதி சரி

உறவினர் சொன்னதில் முதற்பாதி உண்மையே. அரபி மதரஸாக்களில் நஹ்வு இலக்கணம் ஓதியவர்கள் அறிவார்கள்: இஸ்மாயீல் என்னும் பெயர் தன்வீன் ஏற்பதில்லை. அது 'அஜமி'ப் பெயர், அதாவது அரபியல்லாத மொழியிலிருந்து வந்த பெயர் என்பதே காரணம். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மொழியறிஞர் அல்ஜவாலீகீ (ரஹ்) அவர்கள், நபிமார்களின் பெயர்களில் ஆதம், ஸாலிஹ், ஷுஐப், முஹம்மது ஆகிய நான்கைத் தவிர மற்றவை அரபியல்லாதவை என்று எழுதியுள்ளார்கள்.

இதன்படி, அரபியல்லாத பெயர் கூடாதென்றால் இஸ்மாயீலோடு நிற்க முடியாது. இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப், யூசுப், மூஸா, தாவூத், சுலைமான், ஈஸா என நம் வீடுகளில் வழங்கும் பெயர்களில் பாதியை விட்டுவிட நேரும். நம் பாட்டன்மார் பலருடைய பெயரும் அதில் போய்விடும்!

பெயரின் பொருள்

ஹீப்ரு மொழியில் இப்பெயர் 'யிஷ்மாஏல்' என்று ஒலிக்கும். 'யிஷ்மா' என்றால் 'கேட்கிறான்', 'செவியேற்கிறான்' என்று பொருள். 'ஏல்' என்றால் இறைவன். ஆக, 'இறைவன் செவியேற்கிறான்' என்பதே இப்பெயரின் பொருள்.

ஹீப்ருவும் அரபியும் ஒரே குடும்பத்து மொழிகள். நம் தமிழும் மலையாளமும் போல. ஹீப்ருவில் 'யிஷ்மா' என்பது அரபியில் 'யஸ்மஉ' என்றாகும். இரண்டிற்கும் வேர் ஒன்றே. அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்றாகிய 'அஸ்ஸமீஉ', அதாவது யாவற்றையும் செவியுறுபவன், அந்த வேரில் முளைத்ததுதான். அப்துஸ் ஸமீ என்று பெயர் கொண்டவரும் இஸ்மாயீல் என்று பெயர் கொண்டவரும் பொருளால் உறவினர்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் பிள்ளை வேண்டி, 'இறைவா, கேட்பாயாக' என்று இறைஞ்சி வந்ததால் இப்பெயர் வந்தது என்று விளக்கம் கூறிய குர்ஆன் விரிவுரையாளர்களும் உண்டு.

யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஓதும் வேதத்தில், ஆதியாகமம் 16ஆம் அதிகாரம் இதே விளக்கத்தைத்தான் தருகிறது: அன்னை ஹாஜரின் துயரத்தை இறைவன் செவியேற்றதால் பிள்ளைக்கு இப்பெயர். தமிழ் பைபிளில் இப்பெயர் 'இஸ்மவேல்' என்று காணப்படும்.

திருமறை காட்டும் பொருத்தம்

திருக்குர்ஆனில் இஸ்மாயீல் (அலை) அவர்களின் பெயர் 12 இடங்களில் வருகிறது. அவற்றுள் இரண்டு இடங்களை வாசகர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இப்ராஹீம் என்னும் 14ஆம் அத்தியாயத்தின் 39ஆம் வசனம். முதிர்ந்த வயதில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்த அல்லாஹ்வை இப்ராஹீம் (அலை) அவர்கள் புகழ்கிறார்கள். புகழ்ந்துவிட்டு, தம் இறைவன் பிரார்த்தனையைச் செவியேற்பவன் என்று முடிக்கிறார்கள். மற்றொன்று, அல்பகரா அத்தியாயத்தின் 127ஆம் வசனம். தந்தையும் மகனும் கஃபாவின் அடித்தளத்தை உயர்த்துகிறார்கள். தங்கள் பணியை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டிவிட்டு, நீயே யாவற்றையும் கேட்பவன், அறிபவன் என்று இறைவனைப் போற்றுகிறார்கள். இரண்டு இடங்களிலும் மகனின் பெயர் வருகிறது. அதையடுத்து அப்பெயரின் பொருளும் வருகிறது. இந்த அழகை என்னவென்று சொல்வது!

மக்காவின் வெட்டவெளியில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். புகாரி ஷரீபில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக அந்த நிகழ்ச்சி வந்துள்ளது. தோல் பையில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. குழந்தை தாகத்தால் துடிக்கிறது. அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடுகிறார்கள். கடைசியில் ஒரு குரல் காதில் விழுகிறது. வானவர் தரையைத் தோண்ட, ஜம்ஜம் பீறிடுகிறது. ஒரு தாயின் தவிப்பை இறைவன் கேட்டான். இன்று ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் ஓடும் ஸஃயு அந்த ஓட்டத்தின் நினைவுதானே!

அதே ஹதீஸில் இன்னொரு செய்தியும் உண்டு. தண்ணீரைக் கண்டு அங்கே வந்து தங்கிய ஜுர்ஹும் கூட்டத்தாரிடம் இஸ்மாயீல் (அலை) அவர்கள் அரபி மொழியைக் கற்றார்கள். அவர்களின் வழித்தோன்றலில்தான் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அவதரித்தார்கள். பெயரின் வேர் எங்கிருந்தாலும், அதைத் தாங்கியவர் அரபுலகின் பெருந்தந்தையானார்.

நாயகத்தின் நடைமுறை

பெயர் விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு நடந்தார்கள்? தமக்கு மதீனாவில் பிறந்த ஆண் குழந்தைக்குத் தம் முன்னோரான இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரையே இட்டார்கள். அபூமூஸா (ரலி) அவர்களின் பிள்ளைக்கும் இப்ராஹீம் என்றே பெயர் சூட்டினார்கள். மதீனாவில் யூத அறிஞராக இருந்து இஸ்லாத்தைத் தழுவியவர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி). அவர்களுடைய மகனை மடியில் இருத்தி, தலையைத் தடவி, யூசுப் என்று பெயரிட்டவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே. பெயர் ஹீப்ரு, தந்தை முன்னாள் யூத அறிஞர்; அப்படியிருந்தும் பெருமானார் அப்பெயரை விலக்கவில்லை. இதற்கு மேலும் நமக்கு ஆதாரம் வேண்டுமா?

நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றியவை தீய பொருளும், இணைவைக்கும் பொருளும் கொண்ட பெயர்களை. எந்த மொழி என்பதை விட என்ன பொருள் என்பதே அங்கு அளவுகோல்.

காஞ்சிபுரத்தார்க்கு இதை விளக்க ஒரு பட்டுச்சேலை போதும். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஆனால் தறியிலிருந்து இறங்கிய சேலையை யாராவது கர்நாடகச் சேலை என்றோ சூரத்துச் சேலை என்றோ அழைக்கிறார்களா? நெய்த இடத்தின் பெயரால் அது காஞ்சிபுரம் பட்டு. இஸ்மாயீல் என்ற பெயருக்கும் அப்படியே. நூல் ஹீப்ருவாக இருக்கலாம். அதைத் தன் வசனங்களில் நெய்து நமக்கு உடுத்தியது திருக்குர்ஆன்.

பெயர் பரவிய விதம்

யூதர்களிடையே கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இப்பெயர் கொண்ட புகழ்பெற்ற மார்க்க அறிஞர் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் அவர்களிடம் இப்பெயர் அரிதாகிவிட்டது. உலகெங்கும் இதைப் பேணி வளர்த்தவர்கள் முஸ்லிம்களே. ஹிஜ்ரி 194ல் பிறந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் பெயர் முஹம்மது. தந்தையார் பெயர் இஸ்மாயீல். மொராக்கோவை 1672 முதல் 1727 வரை ஆண்ட சுல்தானும் இஸ்மாயீல். சூயஸ் கால்வாய் 1869ல் திறக்கப்பட்டபோது எகிப்தை ஆண்டவரும் இஸ்மாயீல். கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயீலிய்யா நகரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் தமிழகத்திலும் இப்பெயருக்குக் குறைவில்லை. நெல்லைப் பேட்டையில் 1896ல் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள், அரசியல் நிர்ணய சபையில் தமிழ் மொழிக்காக வாதாடியவர்கள். 1972ல் மறையும் வரை சமுதாயத்தின் குரலாக விளங்கினார்கள். நாகூரில் பிறந்த நீதியரசர் மு. மு. இஸ்மாயீல் அவர்கள் 1979ல் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியானார்கள். கம்பனில் ஆழ்ந்த புலமை பெற்றவர்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்திய சிறையில் கைதிகள் தாக்கப்பட்டது பற்றி ஆராய்ந்த கமிஷன் அவர்கள் பெயராலேயே வழங்கப்பட்டது. செவியேற்றல் என்னும் பொருள் கொண்ட பெயருடையவர், அடிபட்டவர்களின் முறையீட்டைக் கேட்டறியும் பொறுப்பில் அமர்ந்தது பொருத்தம்தானே!

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

ஏழாம் நாளில் பெயரிட்டு அகீகா கொடுப்பது சுன்னத். ஏழாம் நாள் தவறியதால் வாசல் அடைபட்டுவிடவில்லை, பின்னரும் கொடுக்கலாம். தாமதம் போதும். தடுத்த உறவினரும் மார்க்கத்தின் மீதுள்ள பற்றினால்தான் பேசியிருக்கிறார். அவரையே அழைத்து, அவர் மடியில் பிள்ளையை வைத்துப் பெயர் சூட்டினால் மனக்கசப்பும் தீரும்.

அரசாங்கப் பதிவையும் மறந்துவிடக் கூடாது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயரின்றியே பதிந்து, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். இஸ்மாயீல், இஸ்மாயில், இஸ்மாஈல் என்று பலவாறு எழுதுகிறார்கள். எதை எழுதினாலும் பள்ளிச் சான்றிதழ் முதல் பாஸ்போர்ட் வரை ஒரே எழுத்தாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பிள்ளைக்குப் பெயரின் பொருளைக் கற்பிப்பது. மர்யம் அத்தியாயத்தின் 54, 55ஆம் வசனங்கள் இஸ்மாயீல் (அலை) அவர்களை வாக்குறுதியில் உண்மையாளர் என்றும், குடும்பத்தாரைத் தொழுகைக்கும் ஜகாத்துக்கும் ஏவியவர் என்றும் பாராட்டுகின்றன. சொன்ன சொல் தவறாமை, தொழுகை, ஜகாத் இம்மூன்றும் அப்பெயருக்குரிய அணிகலன்கள்.

பிள்ளை தொழக் கற்கும்போது ஒன்றைச் சுட்டிக் காட்டுங்கள். ருகூவிலிருந்து நிமிரும்போது 'ஸமிஅல்லாஹு' என்று தொடங்கிச் சொல்கிறோமே, புகழ்பவரின் புகழை அல்லாஹ் செவியேற்றான் என்று, அதுவே அவன் பெயரின் பொருள். கடமையான தொழுகைகளில் மட்டும் நாளொன்றுக்கு 17 ரக்அத்துகள். அத்தனையிலும் அந்தப் பொருள் ஒலிக்கிறது.

கேட்போர்க்குச் செவிசாய்க்கும் நாயன், நம் பிள்ளைகள் அனைவரையும் தம் பெயருக்கேற்ற ஸாலிஹான மக்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.