கோட்டை முனை விளக்கம்: ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு காலை நடை

பினாங்கில் கலங்கரை விளக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், எல்லோரும் தெலுக் பஹாங் பக்கம்தான் கை காட்டுவார்கள். தேசியப் பூங்காக் காட்டுக்குள்ளே குன்றின் உச்சியில் நிற்கும் மூக்கா ஹெட் விளக்கம், 1883இல் கட்டியது. அருமையான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையையும் முட்டிவலிப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகிற இடமல்ல அது. ஜெலுத்தோங்காரர்கள் அத்தனை தூரம் போகவும் தேவையில்லை. வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில், கார்ன்வாலிஸ் கோட்டையின் வடகிழக்கு மூலையில், மூக்கா ஹெட்டைவிட ஒரு வயது மூத்த விளக்கம் ஒன்று இருக்கிறது. ஏற்றம் இல்லை, காடு இல்லை, அட்டை இல்லை. கடலோரமாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடை. வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாம்தான் காரில் கடந்து போகிறோம்.

எப்போது கிளம்புவது

ஞாயிற்றுக்கிழமை காலை. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பினாங்கில் சூரியன் ஏழு, ஏழேகாலுக்கு மேல்தான் எழும். அதுவும் நாம் நடக்கப் போகும் கிழக்குக் கரையில், பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். ஏழரைக்கு நடக்கத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் திறந்த வெளியை முடித்துவிடலாம். அதற்குமேல் வெயில் பிள்ளைகளைச் சிணுங்க வைக்கும்.

காலையில் எழ முடியாத குடும்பங்களுக்கு மாலை ஐந்தரை. அப்போது வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும், கடலோரச் சாலையில் நிழல் விழும். நல்லதுதான். ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மாலை மழையை நம்ப முடியாது, வெல்ட் குவேயில் வாகன நெரிசலும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பாதிப் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். ரொட்டி, வாழைப்பழம், ஒரு மைலோ போதும். மீதிப் பசி நடையின் கடைசியில் லிட்டில் இந்தியாவில் தீரும், அது இல்லாமல் இந்த நடை நிறைவடையாது. ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி, பிள்ளைகளுக்குத் தொப்பி, எல்லோருக்கும் சேர்த்து ஒரு குடை. செருப்பு வேண்டாம், சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். நடைபாதை சில இடங்களில் ஏற்ற இறக்கமாக இருக்கும். தள்ளுவண்டி கொண்டு போகலாம், ஆனால் இரண்டொரு இடத்தில் தூக்கி வைக்க ஆள் வேண்டும். மைகாட்டை மறக்க வேண்டாம். கோட்டைக்குள் போக விரும்பினால் மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். வழியில் மூன்று கோபுரங்கள் வரும்: ரயில் இல்லாத நிலையத்தின் கோபுரம், சாய்ந்த கோபுரம், கல்லில்லாத கோபுரம். முதலில் கண்டுபிடிக்கிறவருக்கு இரண்டு வடை.

ஜெலுத்தோங்கிலிருந்து ஜெட்டிக்கு

காரை வீட்டிலேயே விடுங்கள். இது ஒருவழி நடை. தொடங்குகிற இடத்தில் கார் நின்றால் பாட்டியைத் திரும்ப நடத்திக் கூட்டிவர வேண்டியிருக்கும். ஜெலுத்தோங் சாலையிலிருந்து ஜெட்டிக்குப் போகும் ரேபிட் பினாங்கு பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தமான வெல்ட் குவே முனையத்தில் இறங்குங்கள். இல்லையென்றால் கிரெப் எடுக்கலாம். ஞாயிறு காலையில் சுங்கை பினாங்கு பாலத்தைத் தாண்டி நகருக்குள் நுழைய அதிக நேரம் பிடிக்காது. கார்தான் வேண்டும் என்கிறவர்கள் கோட்டை பக்கம் நிறுத்திவிட்டு, நகருக்குள் சுற்றும் இலவச கேட் பேருந்தில் ஜெட்டிக்கு வந்து நடையைத் தொடங்கலாம். நிறுத்தக் கட்டணத்துக்குக் கைப்பேசியில் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலி இருக்க வேண்டும், பழைய கூப்பன் இப்போது செல்லாது.

முனையத்தில் இறங்கியதும் எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளோடு நடக்கிறவர்களுக்கு இதுதான் முதல் விதி. ஃபெர்ரி பார்க்க வேண்டும் என்று சிறுசுகள் அடம் பிடித்தால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பழைய பெரிய ஃபெர்ரிகள் போய்விட்டன. 2023 முதல் ஓடும் புதியவை ஆட்களையும் இரு சக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றுகின்றன.

நடை தொடங்குகிறது

கடல் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி வடக்கு நோக்கி நடங்கள். வழி தவறவே முடியாது. ஆனால் வெல்ட் குவே அகலமான சாலை, வண்டிகள் வேகமாக வரும். முனையத்தின் வாசலில் பேருந்துகள் திரும்பும் இடம்தான் மிகவும் ஆபத்தானது. அதைத் தாண்டும்வரை பிள்ளைகளின் கையை விடாதீர்கள். சாலையைக் கடப்பதானால் சமிக்ஞை விளக்கு உள்ள இடத்தில் மட்டும் கடக்க வேண்டும்.

நாம் நடக்கும் இந்தத் தரையே ஒரு காலத்தில் கடல். 1880களில் மண் நிரப்பி எடுத்த நிலம் இது, அன்றைய ஆளுநர் ஃபிரெடரிக் வெல்டின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச தூரத்தில் சாலைக்கு அந்தப் பக்கம், மணிக்கூண்டோடு வெள்ளையாக ஒரு பெரிய கட்டடம் தெரியும். இன்று சுங்கத் துறையின் விஸ்மா கஸ்தாம். 1907இல் கட்டும்போது இது ரயில் நிலையம். தீவில் அந்த ரயில் ஓடியதே இல்லை. இங்கே டிக்கெட் வாங்கி, ஃபெர்ரியில் கடலைத் தாண்டி, அந்தக் கரையில் ரயில் ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை. முதல் கோபுரம் இதுதான்.

அடுத்து சுவெட்டன்ஹாம் துறை. உல்லாசக் கப்பல் நிற்கும் நாள் என்றால் நடைபாதை முழுக்கக் கூட்டம், திரிஷாக்காரர்கள் கூவிக் கூவி அழைப்பார்கள். கப்பல் இல்லாத நாளில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆளேற்றி வந்த ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம்வரை பினாங்குக்கு வந்துபோனது, அதற்குப்பின் எம்.வி. சிதம்பரம். கூட வந்த பாட்டியோ தாத்தாவோ கப்பலில் வந்தவர் என்றால் இந்த இடத்தில் வழிகாட்டி வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். அவர்களுக்கும் முன்னால் வந்த தோட்டத் தொழிலாளிகளில் பலர் நேரே நகருக்குள் வரவில்லை. நோய்த்தடுப்புக்காக ஜெரெஜாக் தீவில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். நம் ஜெலுத்தோங் கரைக்குத் தெற்கே இருக்கும் அதே தீவுதான்.

சாய்ந்த கோபுரம்

துறையைத் தாண்டியதும் வட்டச் சந்திப்பில் விக்டோரியா அரசி மணிக்கூண்டு. அரசியின் 1897 வைர விழாவுக்காக செல்வந்தர் சியா சென் இயோக் கொடுத்த பணத்தில் எழுந்தது. ஆட்சியின் ஓர் ஆண்டுக்கு ஓர் அடி என்று கணக்கு, மொத்தம் அறுபது அடி. இரண்டாம் உலகப்போரில் பக்கத்தில் விழுந்த குண்டுகளால் கொஞ்சம் சாய்ந்துபோய், அந்தச் சாய்வோடே இன்றும் நேரம் காட்டுகிறது. உற்றுப் பார்த்தால்தான் சாய்வு தெரியும். நடுச்சந்தியில் நின்று உற்றுப் பார்க்க வேண்டாம், கோட்டைப் பக்க நடைபாதைக்கு வந்துவிட்டுப் பாருங்கள்.

விளக்கத்தடியில்

மணிக்கூண்டிலிருந்து ஜாலான் துன் சையத் ஷேக் பாராக்பா வழியே கடலை நோக்கி வந்தால், கோட்டை மதிலுக்கு அப்பால் வெள்ளையாக உயர்ந்து நிற்கும் இரும்புச் சட்டம்தான் நாம் தேடி வந்தது. பிள்ளைகள் ஏமாந்துபோகலாம், முன்பே சொல்லி வையுங்கள். சென்னை மெரினாவில் இருப்பதுபோல் திடமான கான்கிரீட் கோபுரம் அல்ல இது. கப்பலின் பாய்மரத்தை நட்டு வைத்ததுபோல் இருக்கும். உயரம் 21 மீட்டர். 1882இல் எழுந்தபோது பெயர் கோட்டை முனை விளக்கம். 1914இலும் 1925இலும் புதுப்பித்த பிறகு பினாங்குத் துறைமுக விளக்கம் என்று ஆனது. இன்று எந்தக் கப்பலும் இதை நம்பி வழி பார்ப்பதில்லை.

சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும், பார்க்கக் காசு வேண்டாம். மேலே ஏறலாம் என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கு என்ன நிலை என்று வாசலில் கேட்டுக்கொள்வதுதான் சரி.

அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விடாமல் இங்கே கால்மணி நேரமாவது இருங்கள். கடலைப் பார்த்தபடி பிள்ளைகளை உட்கார வைத்து, எம்டன் கதையைச் சொல்லுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்குள் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல், ஐந்து வாரம் கழித்து இங்கே வந்தது. அக்டோபர் 28, விடியாத நேரம். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள்தான். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் நாலாவதாகப் போலி ஒன்றைக் கட்டி, பிரிட்டிஷ் கப்பல்போல் தோற்றம் காட்டி, வடக்கு வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். துறைமுகத்தில் நங்கூரம் இட்டிருந்த ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கில் பலர் தூக்கத்தில் இருந்தார்கள், அதன் கேப்டனோ கரையில் இருந்தார். எம்டன் கிட்டே வந்து, ஜெர்மன் கொடியை ஏற்றி, டார்பிடோவை விட்டது. ஜெம்சுக் சில நிமிடங்களில் மூழ்கியது, 80 பேருக்குமேல் இறந்தார்கள். வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும் எம்டன் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் மாட்டிக்கொண்டதோடு அதன் ஆட்டம் முடிந்தது. உயிர் தப்பிய மூஸ்கே மாலுமிகளை எம்டன்காரர்களே கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது. ஜெம்சுக் மூழ்கியது கண்ணெதிரே தெரியும் அந்த நீரில்.

கோட்டைக்குள் போவதா

நேரமும் காசும் இருந்தால் போங்கள். காலை ஒன்பது மணி வாக்கில்தான் கதவு திறக்கும். அதுவரை கோட்டைக்கு மேற்கே எஸ்பிளனேட் கடற்சுவர் ஓரம் நடக்கலாம். காற்று அங்கேதான் நன்றாக வரும், பாடாங் புல்வெளியில் பிள்ளைகள் ஓடலாம்.

உள்ளே பார்க்க நிறைய இருப்பதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபோது இங்கே போட்டது நிபோங் பனை மரவேலி மட்டுமே. இப்போது காணும் மதில், 1804க்கும் 1810க்கும் இடையே இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. இந்தக் கோட்டை ஒரு போரையும் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்குப் பிடிப்பது ஸ்ரீ ரம்பாய் பீரங்கி. 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கைமாறி, 1871இல் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைக்கிற வழக்கமும் உண்டு. பீரங்கிமேல் ஏற விடாதீர்கள். பத்து மணிக்கு அந்த வெண்கலம் கொதிக்கும். கதவு திறக்கக் காத்திருந்து சிறுசுகளை வாட்டுவதைவிட, கோட்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கணக்கு.

பசியாற

மணிக்கூண்டுக்குத் திரும்பி, லெபோ பினாங்கு வழியே தெற்காக ஏழெட்டு நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. இங்கே வெயிலுக்குக் கவலையில்லை, கடைகளின் அஞ்சடியில் நடக்கலாம். வடைப் பந்தயத்தைத் தீர்த்துக்கொள்ள இதுதான் இடம். பெரியவர்களுக்கு இட்லி, தே தாரிக். சாமி கும்பிட விரும்புகிறவர்களுக்கு அருகே லெபோ குயினில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில். நடுப்பகலில் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். வீடு திரும்ப மறுபடி ஜெட்டி முனையத்துக்கு நடக்கலாம். பிள்ளைகள் களைத்திருந்தால் கேட் பேருந்து, இல்லையென்றால் நேரே கிரெப்.

வழியெல்லாம் பிள்ளைகள் கால்வலி என்று சொல்லவில்லையா? அப்படியானால் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை அடுத்த பள்ளி விடுமுறையில் மூக்கா ஹெட்டுக்குக் கூட்டிப் போகலாம். ஜெட்டியிலிருந்து 101ஆம் எண் பேருந்து தெலுக் பஹாங் போகிறது. பூங்கா வாசலிலிருந்து தெலுக் டுயோங் கடற்கரைவரை மூன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குக் கரையோரப் பாதை, அதன்பின் உச்சிவரை செங்குத்தான ஏற்றம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது கையில் இருக்க வேண்டும். திரும்பும்போது கடற்கரையிலிருந்து படகு பிடிக்கலாம், விலையை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் போய்ச் சேருங்கள். பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள்.