கோடைக்கு முன் பழைய ஏ.சி.யை மாற்றுவோர் கவனத்திற்கு

தமிழ்நாட்டில் வீட்டு ஏ.சி.யை மாற்ற எண்ணியிருப்போர் அப்பணியை மாசியின் பின்பகுதியிலோ பங்குனியின் முற்பகுதியிலோ முடித்துவிடுவது நன்று. சித்திரை 21 அளவில் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது மெக்கானிக்குகள் ஒரே நாளில் பல வீடுகளுக்கு ஓட நேர்கிறது. அந்த நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது, பொருத்தும் வேலையில் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கும் படிகளே. ஃபிரிட்ஜ் தொழிற்சாலையிலேயே முழுமையாக மூடி முத்திரையிடப்பட்டு வீட்டுக்கு வருகிறது. ஸ்பிளிட் ஏ.சி.யோ இன்டோர் யூனிட், அவுட்டோர் யூனிட் என இரு பாதிகளாக வந்து, அவற்றை இணைக்கும் தாமிரக் குழாய்கள் வீட்டிலேயே வெட்டி, விரித்து, முறுக்கப்படும்போதுதான் முழு இயந்திரமாகிறது. ஆகவே எந்த நிறுவனத்தின் கருவியை வாங்குவது என்று வாரக்கணக்கில் ஆராயும் குடும்பங்கள், அதைப் பொருத்தும் அந்த அரை நாளுக்கும் அதே அளவு கவனம் அளிக்க வேண்டும்.

மாற்றுவது அவசியமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். குளிர்பதனப் பொருள், அதாவது வழக்கில் ‘கேஸ்’ எனப்படும் வேதிப்பொருள், மூடிய சுற்றுக்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறிமாறி ஓடி அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுசெல்வது. அது எரிபொருளைப் போலச் செலவாவதில்லை. ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப நேரும் வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். அக்கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மீண்டும் மீண்டும் நிரப்புவது வீண்செலவு. பத்தாண்டுகளைக் கடந்து, ஆர்-22 என்னும் பழைய கேஸில் ஓடி, சுருள் அரித்தோ கம்ப்ரசர் பழுதாகியோ நிற்கும் கருவியைப் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே அறிவுடைமை. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-22, 1987 இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வழக்கொழிந்து வருகிறது. வடிகட்டியும் சுருளும் அழுக்கேறியதால் மட்டுமே குளிர் குறைந்திருப்பின், நல்லதொரு சர்வீஸே போதுமானது.

புதிய கருவியின் அளவு ‘டன்’ கணக்கில் சொல்லப்படுகிறது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தரையின் பரப்பை மட்டும் பார்த்து இதை முடிவுசெய்யும் பழக்கம் போதாது, ஏனெனில் நாள் முழுதும் வெயில் காயும் மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையும், மேற்குச் சுவரில் பெரிய சன்னல் கொண்ட அறையும், அதே பரப்புள்ள நடுத்தள அறையைக் காட்டிலும் மிகுதியான வெப்பத்தை வாங்குகின்றன. ஆனாலும் ‘பெரிதாக வாங்கினால் தவறில்லை’ என்ற எண்ணம் சென்னை போன்ற ஈரப்பதம் மிக்க ஊர்களில் பிழையாகிறது: தேவைக்கு மிஞ்சிய கருவி அறையை விரைவில் குளிர்வித்து நின்றுவிடுவதால் காற்றிலுள்ள ஈரம் சுருளில் படிந்து வடிய நேரம் கிடைப்பதில்லை, அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பு நீங்குவதில்லை. தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகையில் இக்குறை ஓரளவு தணியுமேயன்றி முற்றிலும் மறைவதில்லை. மாடியில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெண்ணிறப் பூச்சு அடிப்பதை ஏ.சி. வாங்குவதற்கு முன்பே செய்துவிட்டால், சிறிய கருவியே போதுமானதாகிவிடலாம்.

நட்சத்திரக் குறியீடு ஐ.எஸ்.இ.இ.ஆர். என்னும் விகிதத்தின் அடிப்படையில் வழங்கப்படுகிறது. ஆண்டுக்கு 1,600 மணிநேரம், 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளிவெப்பத்தில் ஓடும்போது, செலவான மின்சாரத்துக்கு எத்தனை மடங்கு வெப்பம் வெளியேற்றப்பட்டது என்பதை அது காட்டுகிறது. இந்த அளவுகோல் அவ்வப்போது இறுக்கப்படுகிறது. 2026 சனவரியிலும் இறுக்கப்பட்டது. எனவே நட்சத்திரங்களை எண்ணுவதோடு நில்லாமல், ஒட்டியுள்ள அட்டையின் செல்லுபடிக் காலத்தையும் விகித எண்ணையும் படிக்க வேண்டும். இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படும் தமிழக வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டும்போது யூனிட்டுக்கான கட்டணம் உயர்வதால், அந்த எல்லையை ஒட்டிச் செலவிடும் குடும்பத்துக்குச் சற்றே மேலான விகிதமும் உண்மையான சேமிப்பாகும்.

கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக்காற்று வெளிச்சுருளின் அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள சுருளும், துருப்பிடிக்காத தாங்கியும் போல்ட்டுகளும் அங்கே கட்டாயம். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் போன்ற கழிவுநீர் தேங்கும் நீர்நிலைகளின் ஓரத்தில் வேறொரு தீங்கும் உண்டு: அங்கிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தாமிரத்தைக் கருக்கச் செய்து அரித்துவிடும். அவ்விடங்களில் குடியிருப்போர் தாமிரப் பகுதிகளுக்கும் காப்புப் பூச்சு உண்டா என்று கேட்டறிந்து வாங்குவது நலம்.

இனிப் பொருத்தும் முறை. அவுட்டோர் யூனிட் வெளியேற்றும் சூடான காற்று மீண்டும் அதற்குள்ளேயே புகாதபடி திறந்த இடத்தில் அமைய வேண்டும். கிரில் போட்டு மூடிய பால்கனியிலும் குறுகிய காற்றுக்கூண்டிலும் அடைபட்ட கருவி, தான் கக்கிய வெப்பத்தையே மறுபடி இழுத்துத் திணறும். அதைவிட முக்கியமானது, பின்னாளில் சர்வீஸ் செய்ய வருபவர் உயிருக்கு அஞ்சாமல் எட்டக்கூடிய இடமாக அது இருப்பது. நான்காம் மாடியின் வெளிச்சுவரில் பிடிமானமின்றித் தொங்கிக்கொண்டு வேலை செய்யும்படி எந்தத் தொழிலாளியையும் எந்த வீட்டாரும் பணிக்கலாகாது. பாதுகாப்புக் கச்சை இல்லாமல் வருவாரானால் வேலையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே முறை.

பழைய ஆர்-22 கருவியின் குழாய்களையே புதியதற்கும் பயன்படுத்தலாம் என்று சொல்லப்படுவதுண்டு. அவற்றின் உட்சுவரில் பழைய கனிம எண்ணெய் படிந்திருக்கும். இன்றைய ஆர்-32 கருவிகளின் செயற்கை எண்ணெயோடு அது சேரக்கூடாது. மேலும் ஆர்-32 இன் அழுத்தம் ஆர்-22 ஐவிட ஏறத்தாழ 1.6 மடங்கு என்பதால் மெலிந்த குழாயும் பழைய விரிமுனையும் தாங்காமல் போகலாம். புதுக் குழாய் இடுவதே சரி; போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் தனித்தனி வெப்பக்காப்பு உறை வேண்டும்.

இணைப்பு முடிந்ததும் உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தோடு செலுத்திக் கசிவு பார்க்க வேண்டும். இதற்கு ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும் என்பதால் அதை ஒருபோதும் அனுமதிக்கலாகாது. அடுத்ததுதான் மிகப் பரவலாகத் தவிர்க்கப்படும் படி: வாக்யூம் பம்ப் கொண்டு குழாய்களிலும் இன்டோர் சுருளிலும் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றுதல். வளிமண்டல அழுத்தம் 760 மி.மீ. பாதரசம்; 30 டிகிரி வெப்பமுள்ள நீர், அழுத்தம் சுமார் 32 மி.மீ.க்கு இறங்கினாலே கொதித்து ஆவியாகும். பம்ப் அதற்கும் மிகக் கீழே, 500 மைக்ரான் அளவுக்கு, அதாவது அரை மி.மீ.க்கு, அழுத்தத்தை இறக்குவதால் ஒளிந்திருக்கும் ஈரமும் ஆவியாகி வெளியேறுகிறது. பின்னர் பம்பை நிறுத்திச் சில நிமிடம் காத்திருந்து, மானியின் அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். இதற்குப் பதிலாக, கருவிக்குள் உள்ள கேஸையே சிறிது திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளும் குறுக்குவழி பலவிதத்தில் தீங்கானது: ஈரம் உள்ளேயே தங்கி எண்ணெயை அமிலமாக்கிக் கம்ப்ரசரை அரிக்கிறது, நிறுத்து நிரப்பிய கேஸ் குறைகிறது, ஓரளவு தீப்பற்றக்கூடிய ஆர்-32 காற்றில் பரவுகிறது. பம்ப் கொண்டுவரப்படும் என்ற உறுதியைப் பணம் கட்டுமுன்பே எழுத்தில் பெற்றுவிட வேண்டும். இந்த ஒன்றில் வீட்டார் எவ்வளவு பிடிவாதம் காட்டினாலும் தகும்.

மின்னிணைப்பு, பிரதான பலகையிலிருந்து தனி வழியாக வர வேண்டும்: ஒன்றரை டன் கருவிக்கு 4 சதுர மி.மீ. தாமிரக் கம்பி, தனி எம்.சி.பி., சோதித்துப் பார்த்த எர்த். வடிநீர்க் குழாய் வழிநெடுக இறக்கமாகச் செல்ல வேண்டும். மெக்கானிக் கிளம்புமுன் இன்டோர் தட்டில் ஒரு குவளை நீர் ஊற்றி அது வெளியே வடிவதைப் பார்த்துவிட்டால் பின்னாளில் சுவர் நனையும் தொல்லை இல்லை. இருபது நிமிடம் முழுவேகத்தில் ஓடிய பின், கருவி உள்ளிழுக்கும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் இடையே சுமார் 8 முதல் 12 டிகிரி வேறுபாடு காணப்பட வேண்டும்.

கழற்றும் பழைய கருவியின் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல், கம்ப்ரசரை ஓட்டி அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைக்கும் ‘பம்ப் டவுன்’ முறையில் கழற்றச் சொல்ல வேண்டும். கசிவால் காற்று புகுந்த கருவியில் இது வெடிவிபத்தாகக்கூடும் என்பதால் அதற்குத் தனிக் கலனில் கேஸை மீட்கும் பயிற்சி பெற்றவரே தேவை. மின்கழிவு விதிகளின் கீழ் ஏ.சி.யும் வருவதால், பழையதை எடைக்குப் போடாமல் எக்ஸ்சேஞ்ச் முறையிலோ பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெறலாம். புதிய கருவியின் இரு யூனிட்டுகளின் வரிசை எண்களும், பொருத்திய தேதியும், வாக்யூம் அளவும் எழுதப்பட்ட தாளை உத்தரவாத அட்டையோடு சேர்த்து வைத்து, இரு வாரம் கழித்துக் குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறை இருப்பின் அங்கே கேஸ் கசிகிறது என்பதால், கோடை முற்றுமுன் பொருத்தியவரையே அழைத்து அந்த இணைப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும்.