தூக்குமரம் நடுவில் நிற்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கான்சாகிபு நாடக நோட்டை மூன்று தடவை படித்துவிட்டேன். பாட்டெல்லாம் நன்றாக விழுந்திருக்கிறது. நவாபின் ஆளோடு நீ வைத்திருக்கும் தர்க்கம், விடியற்காலை மூன்று மணிக்கும் சனத்தைத் தூங்கவிடாது. ஆனால் கடைசியில் தூக்குமரம், கயிறு இரண்டு முறை அறுந்து மூன்றாம் முறை இறுகுகிறது, திரை, மங்களம். அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் தூக்குமரத்தைப் பிடுங்கி நாடகத்தின் நடுவில் நடு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ராஜபார்ட் போடுகிறவனுக்கு என்றைக்காவது ஒருநாள் ஜூலியஸ் சீசர் மேல் ஆசை வந்துவிடும். ‘சொர்க்கம்’ படத்தில் சிவாஜி நடித்த அந்த நாடகக் காட்சியைப் பார்த்து 1970இல் எங்கள் வயதுப் பையன்கள் பாதிப் பேருக்கு வந்தது. நீயும் அதைத்தான் முதலில் போட நினைத்தாய். பிறகு மதுரை மண்ணிலேயே அப்படி ஒருவர் இருக்கிறாரே என்று கான்சாகிபு பக்கம் திரும்பினாய். நல்ல முடிவு. ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கிய பம்மல் சம்பந்த முதலியார் காலத்திலிருந்து நம்மவர்கள் செய்துவந்த வேலைதான் அது. ஆனால் சீசர் நாடகத்தை விட்டு வரும்போது அதன் கட்டுமானத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாய்.

ஷேக்ஸ்பியர் அதை 1599இல் எழுதினார். நாடகத்தின் பெயர் சீசர். சீசரோ மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே செத்துப்போகிறார். மேடையில் அவர் பேசுவதைவிட புரூட்டஸ் பேசுவது பல மடங்கு அதிகம். மிச்சம் இருக்கிற பாதி நாடகத்தில் பிணத்தின் மேல் பேச்சு நடக்கிறது, ஊர் பற்றி எரிகிறது, சதிகாரன் ஒருவனின் பெயரோடு தன் பெயரும் ஒன்றாக இருந்த ஒரே காரணத்துக்காகக் கவிஞன் சின்னாவைக் கூட்டம் கொன்றுபோடுகிறது. சரித்திரத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். கி.மு. 44 மார்ச் 15 அன்று அவர் உடம்பில் விழுந்த குத்துகள் 23. அவற்றில் உயிரைக் கொண்டுபோனது ஒன்றே ஒன்று என்று உடலைப் பார்த்த வைத்தியர் அந்திஸ்தியஸ் சொன்னதாக சுவெட்டோனியஸ் எழுதுகிறார். மற்ற 22 குத்துகளை யோசித்துப் பார். ஒவ்வொருவனும் தன் கையும் நனைந்திருக்க வேண்டும் என்று குத்தியிருக்கிறான். நாடகக்காரனுக்கு வேண்டியது அந்த 22தான்.

இப்போது உன் ஆளிடம் வருகிறேன். பனையூரில் பிறந்தவர் என்கிறது வழக்கு. மருதநாயகம் என்றும் யூசுப் கான் என்றும் சொல்கிறார்கள். கும்பினியின் சிப்பாய்ப் படையில் ஏறி ஏறித் தலைவராகி, 1759இல் மதுரைச் சீமையையும் திருநெல்வேலிச் சீமையையும் குத்தகைக்கு ஆண்டார். நவாப் முகமது அலிக்குக் கீழே கைகட்டி நிற்க மனமில்லாமல் 1763இல் எதிர்த்து நின்றார். கும்பினிப் படையால் மதுரைக் கோட்டையை வெளியிலிருந்து உடைக்க முடியவில்லை. 1764 ஜூன் 26 அன்று நடந்த பெரிய தாக்குதலையும் விரட்டினார். பிறகு பட்டினி உள்ளே புகுந்தது. அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்தவரை அவருடைய ஆட்களே பிடித்துக் கட்டினார்கள்: திவான் சீனிவாச ராவ், பிரெஞ்சுத் தளபதி மார்ச்சாண்ட், வைத்தியம் பார்த்த பாபா சாகிபு. 15ஆம் தேதி தூக்கு.

இந்த மூவரையும் நீ சினிமா வில்லன்களாக எழுதிவிட்டாய். மீசை முறுக்கு, சிரிப்பு, பின்பாட்டில் ஒரு முழக்கம். தம்பி, நாடி பார்க்கிற கை எப்படிப்பட்டது என்று யோசி. அந்தக் கைதான் அன்றைக்கு அவரைப் பிடித்தது. கோட்டைக்குள் குழந்தைகள் பசியில் கிடப்பதை அந்த திவான் பார்த்திருப்பான். கணக்கும் அவன்தான் எழுதியிருப்பான். இன்னும் எத்தனை நாளுக்கு அரிசி வரும் என்று கான்சாகிபுவுக்கு முன்பே தெரிந்தவன் அவன். பிடிபடுவதற்கு முந்தின இரவு கான்சாகிபுவும் அவனும் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் ஒரு காட்சி எழுது. பிடிக்கிற இடத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் எல்லாம் நிற்கட்டும். கை கால் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டால் போதும்.

நான் கட்டபொம்மன் நாடகத்தில் முப்பது வருசம் எட்டப்பன் போட்டவன். ஒரு திருவிழாவில் நாடகம் முடிந்து வேஷம் கலைத்து டீ குடிக்க நின்றபோது ஒரு கிழவி என்னிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “அவன் கூட உக்காந்து சோறு தின்னியே அய்யா, அப்புறம் எப்படி மனசு வந்துச்சு?” என்று நிஜமாகவே கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்தக் கேள்விக்கு உன் நாடகத்தில் இடம் வை.

கான்சாகிபுவைப் பழுதில்லாத வீரராக்க வேண்டும் என்ற உன் ஆசையும் எனக்குப் புரிகிறது. அதை விட்டுவிடு. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரைக் கும்பினிக்காக ஒடுக்கியது அவர்தான். உன் ஊரான திருவாதவூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் திருமோகூர் இருக்கிறதே, அங்கே நீ காளமேகப் பெருமாளைக் கும்பிட்டிருப்பாய். 1755இல் கும்பினியின் கர்னல் ஹெரான் படை கொள்ளையிட்ட கோயில்குடிக் கோயில் அதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். கோயில் கதவுக்குத் தீ வைக்க ஹெரான் போனபோது பின்னாலேயே போனவர் யூசுப் கான் என்று ஆர்ம் என்ற ஆங்கிலேயர் எழுதிய வரலாறு சொல்கிறது. தூக்கிப்போன சாமிச் சிலைகளை நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து மீட்டார்கள். அதே மனுசர்தான் பின்னால் மதுரையை ஆண்டபோது மீனாட்சி கோயில் பூசைகள் நின்றுபோகாமல் மானியத்தைத் திரும்பக் கொடுத்தார். இந்த இரண்டு காட்சியும் உன் நோட்டில் இல்லை. மேலூர்ப் பக்கத்துச் சனத்தின் முன்னால், திருமோகூரைச் சொல்லாமல் இந்த நாடகத்தை எப்படிப் போடுவாய்?

சரி, பின்பாதிக்கு என்ன செய்வது என்று கேட்பாய். சீசர் பிணத்தின் மேல் பேச ஆண்டனி இருந்தான். கான்சாகிபுவுக்குப் பிணமே முழுசாக இல்லை. உடலைக் கூறுபோட்டுத் தலையைத் திருச்சிக்கும், கைகளைப் பாளையங்கோட்டைக்கும், கால்களைப் பெரியகுளத்துக்கும் அனுப்பினார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். சம்மட்டிபுரத்தில் புதைத்தது மிச்சத்தைத்தான்; 1808இல் அங்கே தர்கா எழும்பியது. உன் பின்பாதி அந்தப் பாதைகளில் நடக்கட்டும். கூடை சுமந்து போகிறவர்கள் வழியில் இளைப்பாறும் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் வந்து பேசட்டும். தெற்கே நெற்கட்டும்செவலில் அண்ணனைப் பறிகொடுத்தவன் காறித் துப்பட்டும். அவர் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் வந்த ஊரில் ஒரு சம்சாரி துண்டை இடுப்பில் கட்டட்டும். பபூனையும் விடாதே; கூடையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுங்கம் கேட்கிற ஆளாக அவனை நிறுத்து. சிரித்த சனம் அடுத்த நொடி வாயடைத்துப்போகும்.

நா. வானமாமலை பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலை நீ படித்திருப்பாய். எழுத்தில் ஏறும் முன்பே சனம் அவரைப் பாடிவைத்திருந்தது. 1997இல் இங்கிலாந்து மகாராணியே வந்திருந்து தொடங்கிய ‘மருதநாயகம்’ படம் இன்றுவரை முடியவில்லை. ஆனால் மதுரையில் கான்சாமேட்டுத் தெரு என்றால் ஆட்டோக்காரர் வழி கேட்கமாட்டார்.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. கபிலர் பிறந்த ஊர் என்று பேர் வாங்கிய மண்ணில் இருக்கிறாய். அவர் நண்பன் பாரியை மூவேந்தர் வஞ்சத்தால் கொன்றதாகச் சொல்கிறோம். அந்தக் கொலையைக் கபிலர் பாட்டில் தேடிப்பார், கிடைக்காது. கிடைப்பதெல்லாம் ஆள் இல்லாத பறம்பு மலை, அநாதையான இரண்டு பெண்கள், அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஒரு பிராமணக் கிழவர்.

அக்டோபர் 15 அன்று காலையில் காளவாசலில் இறங்கிச் சம்மட்டிபுரத்துக்கு வந்துவிடு. நான் தர்கா வாசலில் இருப்பேன். நோட்டையும் எடுத்து வா. அதற்குள் திருமோகூர்க் காட்சியை மட்டுமாவது எழுதியிரு; கதவு எரியும்போது அவர் முகத்தில் என்ன இருந்தது என்று நீ நினைக்கிறாயோ, அதை நடித்துக் காட்டு.

அன்புடன்,
உன் வாத்தியார்