போல்ட் பளபளக்கிறது, தகடு பொரிகிறது!

கேள்வி: என் மினி லாரியின் பாடி அலுமினியத் தகடு. துருப்பிடிக்கக் கூடாதென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டாகப் பார்த்துப் போட்டேன். போல்ட் புதிதுபோல இருக்கிறது. சுற்றியுள்ள தகடோ வெள்ளையாகப் பொரிந்து உதிர்கிறது. ஏன்?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: போல்ட் பிழைத்ததற்குத் தகடுதான் பலி. இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, மேலே ஈரமும் படிந்தால் அது ஒரு சின்ன பாட்டரி. அதில் அலுமினியம் கரையும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அசையாது. கடல் காற்றின் உப்பு அந்த வேகத்தைக் கூட்டிவிடும். 1948-இல் வந்த லேண்ட் ரோவருக்கே, இரும்புச் சேஸிஸும் அலுமினிய பாடியும் சேரும் இடங்களில் இந்தத் தொல்லை உண்டு.

போல்ட்டுகளைக் கழற்றி, வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். தலைக்கும் நட்டுக்கும் அடியில் நைலான் வாஷர் போடுங்கள். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். போல்ட்டின் உடல் துளையின் ஓரத்தை உரசினாலே போதும், மின்தொடர்பு கிடைத்துவிடும். ஆகவே துளைக்குள் நைலான் புஷ்ஷும் வேண்டும். செம்பு கலந்த கிரீஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அது அலுமினியத்துக்கு இன்னொரு எதிரி.

பெயின்ட் அடித்தால் போல்ட்டுக்கும் சேர்த்து அடியுங்கள். தகட்டுக்கு மட்டும் அடித்தால், கீறல் விழுந்த இடத்தில் அரிப்பு மொத்தமும் குவிந்து ஓட்டையே போட்டுவிடும்.

ஏற்கெனவே மெலிந்துபோன துளைகளில் புது போல்ட் நிற்காது. அந்த இடத்தை வெட்டி ஒட்டுப்போடச் சொல்லுங்கள், அதுவும் அலுமினியத் தகட்டாலேயே.