காட்டுக்குள் கால் வைக்கும் பிள்ளைகளுக்கு

ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில் வளரும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காடு தூரத்தில் இல்லை. ஒரு பக்கம் லில்லோமார்க்கா, மறுபக்கம் ஒஸ்ட்மார்க்கா. மெட்ரோவின் கடைசித் தரிப்பில் இறங்கினால் பத்து நிமிஷ நடைக்குள் ஸ்ப்ரூஸ் மரங்கள் வந்துவிடும். உங்களில் சிலர், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டில் குறித்த இடங்களைத் தேடி ஓடும் ஓரியன்டியரிங் கிளப்புகளில் சேர்ந்திருக்கிறீர்கள். இரண்டொருவர், புதிய வரைபடம் போடுவதற்குக் காடு பார்க்கப் போவது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வரைபவர், அந்தக் காட்டை முன்பின் பார்க்காமல் மூச்சிரைக்க ஓடிவரும் ஒருவருக்காக வரைகிறார். ஓடிப் பழகாதவருக்கு அந்த ஆளின் தேவை விளங்காது. ஆகவே முதலில் ஓடப் பழகுங்கள்.

1. ஆறுதலாய்த் தொடங்குங்கள். தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய குறிகளை, அதாவது போஸ்டுகளை, கோடை முழுக்கக் காட்டில் விட்டுவைக்கும் தூர்-ஓரியன்டியரிங் இருக்கிறது. நேரக் கணக்கு கிடையாது, அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். போஸ்டுகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று தரம் உண்டு. பச்சை கைவந்த பிறகு நீலம், அதன்பிறகே சிவப்பு. முதல் வருஷமே கறுப்பைத் தேடிப்போய், சலித்து விலகிய கெட்டிக்காரப் பொடியன்களைப் பார்த்திருக்கிறேன்.

2. வரைபடத்தை நிலத்தோடு பொருத்திப் பிடியுங்கள். எழுத்து தலைகீழாய்த் தெரிந்தாலும் பரவாயில்லை. இந்த வரைபடங்களின் வடக்குக் கோடுகள் காந்த வடக்கையே காட்டுவதால் திருத்தக் கணக்கு ஒன்றும் வேண்டாம். திசைகாட்டி முள்ளும் அந்தக் கோடும் ஒரே பக்கம் பார்த்தால் போதும். நிற்கும் இடத்தில் பெருவிரலை வையுங்கள். கால் நகர நகர விரலும் நகர வேண்டும்.

3. நிறங்களை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். வெள்ளைதான் நல்ல காடு, தடையில்லாமல் ஓடலாம். மஞ்சள் திறந்தவெளி. பச்சை அடர அடரக் காடும் அடர்கிறது. நீலக் கிடைக்கோடுகள் சதுப்பு. பாறை, செங்குத்து, ஒற்றையடிப் பாதை எல்லாம் கறுப்பு. மண்ணிறம் நிலத்தின் உருவம்.

4. அந்த மண்ணிறத்தில்தான் உங்கள் காலத்தில் பெரும்பகுதியைச் செலவழிக்க வேண்டும். பாதை மாறும், மரம் வெட்டப்படும், குன்று அப்படியே இருக்கும். ஒரு சமவுயரக் கோட்டிலிருந்து அடுத்ததற்கு வழக்கமாக 5 மீற்றர் உயரம். கோடு பள்ளத்தை நோக்கிப் புடைத்தால் அது குன்றின் முனை. மேட்டை நோக்கி உள்வாங்கினால் தண்ணீர் இறங்கும் வழி. இந்த இரண்டையும் கண்டவுடன் பிரித்தறியும்வரை வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒஸ்ட்மார்க்காவின் பல இடங்களில் முகடுகளும் பள்ளங்களும் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன. இடையில் ஒடுங்கிய சதுப்பும் ஏரியும். வடக்கே போகும்போது ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இலகுவாய்ப் போய்விடலாம். கிழக்கே போவதென்றால் முகடு முகடாய் ஏறி இறங்க வேண்டும், அவை ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். அங்கே முகடுகளை எண்ணிக்கொண்டே போங்கள். புறப்படும் முன் வரைபடத்தில் எண்ணி, "மூன்றாவது முகட்டின் கிழக்குச் சரிவு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஓடுங்கள். கிளப்பில் சமவுயரக் கோடுகள் மட்டும் அச்சிட்ட வரைபடம் தந்து பயிற்சி வைத்தால் தவறவிடாதீர்கள்.

5. போஸ்டைத் தேடி ஓடாதீர்கள். அதற்கு முன்னால் உள்ள பெரிய அடையாளம் ஒன்றுக்கு ஓடுங்கள்: சதுப்பின் முனை, பாதை பிரியும் இடம், ஏரியின் வளைவு. அங்கே மூச்சை அடக்கி, திசை பிடித்து, மிச்சத் தூரத்தைக் கவனமாய்க் கடக்க வேண்டும். 1:10,000 வரைபடத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது 100 மீற்றர். அந்த 100 மீற்றருக்கு உங்கள் கால் எத்தனை எட்டு வைக்கிறது என்று பாதையிலும், புளூபெரிச் செடிகளுக்குள்ளும் தனித்தனியே எண்ணிவையுங்கள். இரண்டும் ஒன்றாய் இராது. போஸ்டைத் தாண்டிவிட்டால் எது உங்களைத் தடுத்து நிறுத்தும் என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

6. வழி தவறினால் நில்லுங்கள். கடைசியாய் நிச்சயமாய்த் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். விசில் ஒன்று கழுத்தில் இருக்கட்டும். ஓட்டத்தை இடையில் விட்டாலும் முடிவிடத்துக்குப் போய்ச் சொல்லாமல் வீட்டுக்குப் போகவே கூடாது. நீங்கள் குளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பலர் ரோர்ச் வெளிச்சத்தில் உங்களைத் தேடி அலைவார்கள்.

7. இனிக் காடு பார்க்கும் வேலை. 1897 ஒக்ரோபர் 31 அன்று இதே நகரத்துக்கு வெளியே, ஷால்வெ என்ற கழகம் முதல் பொது ஓரியன்டியரிங் போட்டியை நடத்தியது. அன்று ஓடியவர்கள் கையில் இருந்த வரைபடத்தில் இன்றைய நுணுக்கத்தில் சிறு பங்குகூட இல்லை. இன்று நீங்கள் வீட்டில் இருந்தபடியே தொடங்கலாம். விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளந்த நில உயரத் தரவுகளை நோர்வே அரசின் வரைபடத் துறை இலவசமாய்த் தருகிறது. மரங்களை நீக்கிய நிழற்படத்தில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும். அதைப் பார்த்ததும் காட்டைப் பார்த்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். கீழே செடி முழங்காலளவா, சதுப்பில் கால் எவ்வளவு புதையும், முப்பது மீற்றருக்கு அப்பால் என்ன தெரியும் என்பதையெல்லாம் நடந்தே அறிய வேண்டும்.

8. முதல் நாளே பென்சில் எடுக்க வேண்டாம். காட்டின் நான்கு மூலைகளுக்கும் குறுக்காய் நடந்து, இது வரைபடம் போடத் தகுந்த காடுதானா என்று பாருங்கள். வடிவான குன்றுகள் இருந்தும், பாதி நிலம் இளம் ஸ்ப்ரூஸ் நடவாக இருந்தால் விட்டுவிடுவதே நல்லது; சில வருஷத்தில் அதற்குள் புகவே முடியாது. கார்களை நிறுத்த இடம், பஸ் தரிப்பு, பிள்ளைகளின் இலகு ஓட்டத்துக்கு நாலைந்து பாதைகள் - இவை இல்லாவிட்டால் எவ்வளவு அழகான காடும் கிளப்புக்குப் பயன்படாது. பனி உருகிப் புல்லும் பன்னமும் எழும்ப முன்னர் போவதே உத்தமம்.

9. வரையும்போது எதை விடுவது என்பதே கடினமான முடிவு. பாறாங்கல் குறி போட 1 மீற்றராவது உயரம் வேண்டும் என்பது பொது விதி. வெறும் சமநிலத்தில் தனியே நிற்கும் 1 மீற்றர்க் கல், ஓடிவருபவருக்குப் பெரிய உதவி. அதே கல், ஆளுயரப் பாறைகள் குவிந்த சரிவில் கிடந்தால் அவர் கண்ணில் படவே படாது. படாததை வரைந்தால், பட வேண்டியது மறைந்துபோகும். ஒவ்வொரு கல்லையும் பதிந்துவிட வேண்டும் என்ற ஆசை நல்ல கண்ணுள்ளவர்களுக்குத்தான் வரும், ஆகவே கூடுதல் கவனம் தேவை. ஒரு பொருளை வரைய முன்னர் இருபது, முப்பது மீற்றர் பின்னே போய், வேறு திசையிலிருந்து அதை நோக்கி ஓடிவந்து பாருங்கள். அப்போதும் அது கண்ணை இழுத்தால் வரையுங்கள். செங்குத்துகளில் மட்டும் சலுகை காட்டாதீர்கள். கடக்க முடியாததைக் கடக்க முடியாதது என்றே தடித்த கோட்டில் போடுங்கள், அதில் ஒருவரின் கால் எலும்பு தங்கியிருக்கிறது.

10. பச்சையை உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. நல்ல காட்டில் ஓடும் வேகத்தில் 60 முதல் 80 வீதம் ஓட முடிந்தால் வெளிர்பச்சை, 20 முதல் 60 வீதம் என்றால் அதற்கடுத்தது, 20க்கும் கீழே போனால் கரும்பச்சை. உள்ளே புகுந்து ஓடித்தான் இது தெரியும். காலையில் உற்சாகத்தோடு வெளிர்பச்சை போட்ட அதே அடர்த்திக்கு, மாலைக் களைப்பில் கரும்பச்சை போடும் வழக்கம் எல்லோருக்கும் வரும். அதனால் களைத்த பிறகு பச்சையைத் தொடாதீர்கள். இரண்டு பேர் ஒரே வரைபடத்தைப் பங்கிட்டு வரைவதென்றால், முதல் நாள் சேர்ந்தே நடந்து கண்ணை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

11. நில உரிமையாளரிடம் போங்கள், ரெலிபோனில் மட்டும் பேசிவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டம், காட்டில் எவரும் நடக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையை நம்பி, ஒருவரின் நிலத்தில் நூற்றுக்கணக்கானவரை ஓடவைக்கத் திட்டம் போடுவது மரியாதையில்லை. எங்கே எல்க் கன்று போடும், எந்தப் பறவை எங்கே கூடு கட்டும், அடுத்த வருஷம் எந்தச் சரிவில் மரம் வெட்டுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். செப்ரெம்பர் 25 முதல் எல்க் வேட்டை நடக்கும் காட்டில் அவரைக் கேட்காமல் அலையக் கூடாது. வீடு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

12. வரைபடத்தின் ஓரத்தில் களத்தில் பார்த்த வருஷத்தை எழுதுங்கள். பின்னால் யாராவது வந்து "இந்தப் பாதை இப்போது இல்லை, இங்கே காடு வெட்டிவிட்டார்கள்" என்றால் முகம் சுளிக்காதீர்கள். எந்த இடம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறே போய்ப் பார்த்துத் திருத்துங்கள்.